நிகரச் சுழிய ஆற்றல் வடிவமைப்புப் போட்டி: நான்கு தளக் குடியிருப்புக்கு மொட்டை மாடி போதவில்லை, எங்கே தொடங்குவது?

கேள்வி: நான்காமாண்டு கட்டடக்கலை மாணவி, திருச்சி

அனைவருக்கும் வணக்கம். சோலார் டெக்கத்லான் இந்தியா போட்டியில் பங்கேற்க எங்கள் கல்லூரியிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணியாகச் சேர்ந்திருக்கிறோம். ஐந்து பேர் கட்டடக்கலை மாணவர்கள், இருவர் இயந்திரவியல், ஒருவர் மின்னியல். ஆண்டு முழுவதும் ஒரு கட்டடம் பயன்படுத்தும் மின்சாரத்தை அதே வளாகத்தில் சூரிய ஒளியிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதாவது நிகரக் கணக்கு சுழியமாக வேண்டும் என்பதே இலக்கு என்று புரிந்துகொண்டிருக்கிறோம்.

சென்னைப் புறநகரில் கட்டவிருக்கும் ஒரு குடியிருப்பை அதன் உரிமையாளர் எங்களுக்குத் தரச் சம்மதித்திருக்கிறார். தரைத்தளத்தையும் சேர்த்து நான்கு தளங்கள், தளத்துக்கு நான்கு வீடுகள், மொத்தம் 16 வீடுகள். ஒரு தளம் 400 சதுர மீட்டர், ஆக மொத்தப் பரப்பு 1,600 சதுர மீட்டர். உரிமையாளர் முன்பு கட்டிய ஒரு குடியிருப்பின் மின்கட்டண அட்டைகளைப் பார்த்து, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 45 யூனிட் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் ஆண்டுத் தேவை 72,000 யூனிட். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, துணி காயப்போடும் இடம் ஆகியவை போக மிஞ்சுவது 220 சதுர மீட்டர். வரிசைகளுக்கு இடையே நிழல் விழாதபடி இடைவெளி விட்டால் 30 கிலோவாட்டுக்கு மேல் பேனல் வைக்க முடியவில்லை. ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,450 யூனிட் என்று கொண்டாலும் கிடைப்பது 43,500 தான். 28,500 யூனிட் துண்டு விழுகிறது.

எங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர், சுவர்களிலும் பேனல் ஒட்டிக் கணக்கை நேர்செய்துவிடுங்கள் என்கிறார். அணியில் பாதிப் பேர் இந்தக் கட்டடத்தை விட்டுவிட்டு ஒற்றைத் தளப் பள்ளிக் கட்டடம் ஒன்றைத் தேடலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. நம் ஊர்களில் இனி எழப்போகும் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்தக் குடியிருப்பைப் போன்றவைதாம், அவற்றை விட்டு விலகினால் நாங்கள் எதைக் கற்றுக்கொள்வோம் என்று தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி: கட்டட ஆற்றல் பகுப்பாய்வாளர், கோயம்புத்தூர்

அன்புள்ள மாணவிக்கு, குடியிருப்பை விட்டுவிடாதீர்கள். உங்கள் கணக்கில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. ஆனால் 72,000 என்ற தேவையை மாற்ற முடியாத ஒன்றாக எடுத்துக்கொண்டு அதன்பின் பேனலுக்கு இடம் தேடுகிறீர்கள். வேலை எதிர்த்திசையில் நடக்க வேண்டும். கூரை தரக்கூடியது எவ்வளவு என்பதை முதலில் வரையறுத்து, அந்த அளவுக்குள் தேவையைக் கொண்டுவருவதே வடிவமைப்பு. போட்டி உங்களிடமிருந்து எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

தேவையைப் பிரித்துப் பாருங்கள். 16 வீடுகளுக்கும் வீட்டுக்கு இரண்டு வீதம் 32 ஏ.சி. இருக்கும். ஒவ்வொன்றும் ஆண்டில் 200 நாள், நாளுக்கு 6 மணி நேரம், மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் என்று வைத்தால் 38,400 யூனிட். வீட்டுக்கு நான்கு மின்விசிறி வீதம் 64 மின்விசிறிகள் 75 வாட்டில் நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 17,500 யூனிட். இந்த இரண்டு மட்டுமே மொத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல். குளிர்சாதனப் பெட்டி, விளக்கு, மோட்டார், லிஃப்ட் எல்லாம் எஞ்சிய 16,000 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

மின்விசிறியிலிருந்து தொடங்குங்கள். 75 வாட் விசிறிக்குப் பதில் 28 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார்) விசிறி போட்டால் ஏறத்தாழ 11,000 யூனிட் மிச்சமாகிறது. 7 கிலோவாட் பேனலுக்கு மேல் வைத்து எடுக்கவேண்டிய மின்சாரம் அது. விசிறியை மாற்றுவதில் வரைபடத்துக்கு அழகு சேர்க்கும் எதுவும் இல்லை என்பதால் மாணவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். நடுவர்கள் அப்படிக் கடந்துபோவதில்லை.

அடுத்தது ஏ.சி. ஏ.சி.யை 24 பாகையிலிருந்து ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. விசிறியோடு சேர்த்து 26 பாகையில் வசதியாக இருக்க முடியும் என்றால் 12 விழுக்காடு அங்கேயே குறைந்துவிடுகிறது. எஞ்சிய குறைப்பு கட்டடத்தின் உடலிலிருந்து வர வேண்டும். காப்பு எதுவும் இல்லாத வெறும் கான்கிரீட் தளத்தின் வழியே, ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 3 வாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே வருகிறது. குடியிருப்புகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 கூரைக்கு அனுமதிப்பது 1.2 வாட் மட்டுமே. சுவர், சன்னல் எல்லாம் சேர்ந்த வெளிப்புற உறைக்கு அதே விதி சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற எல்லையை வைக்கிறது. 23 சென்டிமீட்டர் செங்கல் சுவரின் வெப்பக் கடத்தல் அளவு, கூரைக்குச் சொன்ன அதே அலகில், ஏறத்தாழ 2 என்றால், 20 சென்டிமீட்டர் ஏ.ஏ.சி. (காற்றுக்குமிழ் நிறைந்த இலகு கான்கிரீட்) கல் சுவரில் அது 0.7 அளவுக்கு இறங்கிவிடும். இவற்றோடு திறன்மிக்க ஏ.சி. எந்திரத்தையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுமேல், 13,000 யூனிட் அளவுக்குக் குறைப்பது எட்டக்கூடியதுதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 72,000-இலிருந்து 11,000, பிறகு 13,000 கழித்தால் 48,000. சதுர மீட்டருக்கு 30 யூனிட். அதற்குத் தேவைப்படுவது 33 கிலோவாட். தூசி படிதலுக்காகவும், பேனலின் திறன் ஆண்டுக்கு அரை விழுக்காடு அளவில் தேய்வதற்காகவும் பத்து விழுக்காடு கூட்டினால் 36, 37 கிலோவாட். இன்றைய பேனல்களில் ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 5 சதுர மீட்டர் போதும் என்பதால் பேனலின் பரப்பு மட்டும் 185 சதுர மீட்டர். தரையோடு ஒட்டி வரிசை வரிசையாக வைக்காமல், இரும்புச் சட்டம் எழுப்பி ஆளுயரத்துக்கு மேலே தாழ்ந்த சாய்வில் பந்தல்போல வைத்தால் இடம் தாராளமாகப் போதும். சென்னை 13 பாகை வடக்கில் இருப்பதால், 10 பாகைச் சாய்வில் இழப்பு மிகக் குறைவு, வரிசைகளுக்கு நடுவே பெரிய இடைவெளியும் தேவையில்லை. பந்தலுக்குக் கீழே துணியும் காயும், மேல்தளத்துக்கு நிழலும் கிடைக்கும். புயல்காற்றுக்கு அந்தச் சட்டம் தாங்குமா என்ற கணக்கை மட்டும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சுவரில் பேனல் ஒட்டும் யோசனைக்கு ஒரு சொல். நம் ஊரில் உச்சி வெயில் ஏறத்தாழ நேர்மேலிருந்து விழுவதால் செங்குத்தான சுவர் வாங்கும் ஒளி கூரை வாங்குவதைவிட வெகு குறைவு. செலவோ கூடுதல். கூரையில் இடம் இருக்கும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.


மறுமொழி: கட்டடக்கலைஞர், புதுச்சேரி

மேலே ஐயா சொன்ன வரிசையை நான் முழுமையாக ஏற்கிறேன். போட்டிகளின் வரலாற்றிலிருந்தே அதற்குச் சான்று இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மூலப் போட்டியான சோலார் டெக்கத்லானை அமெரிக்க எரிசக்தித் துறை 2002-இல் வாஷிங்டனின் நேஷனல் மால் புல்வெளியில் தொடங்கியது. 14 பல்கலைக்கழக அணிகள் தாங்கள் வடிவமைத்த வீட்டைத் தாங்களே கட்டிக் கொண்டுவந்து நிறுத்தின. தடகளத்தின் பத்துப் போட்டிகளைப்போல இங்கும் பத்துப் பிரிவுகள் என்பதால் அந்தப் பெயர். வீட்டில் உண்மையாகவே வெந்நீர் எடுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், விளக்கெரிக்க வேண்டும், மிஞ்சிய மின்சாரத்தில் ஒரு மின்காரையும் ஓட்டிக் காட்ட வேண்டும். 2002, 2005, 2007 ஆகிய மூன்று முறையும் வீடுகள் மின்தொடரோடு, அதாவது பொது மின்வலையமைப்போடு, இணைக்கப்படாமல் பேட்டரியை நம்பியே இயங்கின. 2009-இல்தான் மின்தொடரோடு இணைத்து, எடுத்ததையும் கொடுத்ததையும் மீட்டரில் ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவு வந்தது. அதற்கு 150 மதிப்பெண். சுழியத்தைத் தாண்டி உபரியாகக் கொடுத்தாலும் அதில் கூடுதல் மதிப்பெண் உண்டு.

விதி அப்படி இருந்ததால் வடிவமும் அப்படி வந்தது. 2007-இல் வென்ற ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி 2009-இலும் வென்றது. இரண்டு தளக் கனசதுரம் ஒன்றின் கூரை முழுவதும் சிலிக்கான் பேனல், சுவர் முழுவதும் மெல்லிய படலப் பேனல் என்று மொத்தம் 11.1 கிலோவாட். தன் தேவையைப்போல் இருமடங்கு மின்சாரம் தரும் என்று கணிக்கப்பட்ட வீடு அது. தொழில்நுட்பச் சாதனை என்ற வகையில் மறுக்கவே முடியாது. ஆனால் ஒரு சாதாரணக் குடும்பம் அந்த வீட்டை வாங்க முடியுமா என்ற கேள்விக்கு அங்கே இடம் இல்லை.

2011-இல் விதி மாறியது. உபரிக்கு மதிப்பெண் கிடையாது, சுழியத்தைத் தொட்டால் முழு மதிப்பெண். கட்டும் செலவு 2,50,000 டாலருக்குள் இருந்தால் 100 மதிப்பெண் என்று செலவுக்கும் தனிப் பிரிவு வந்தது. அந்தப் பிரிவில் பெல்ஜிய அணியோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது பார்சன்ஸ், ஸ்டீவன்ஸ் கல்லூரிகள் சேர்ந்த எம்பவர்ஹவுஸ் அணி. அவர்கள் தேவையைக் கடுமையாகக் குறைத்துவிட்டு, சிறிய பேனல் தொகுப்போடு நிறுத்திக்கொண்டார்கள். போட்டி முடிந்தபின் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி என்ற வீடு கட்டித்தரும் தொண்டு அமைப்பின் துணையோடு வாஷிங்டனின் டீன்வுட் பகுதியில் அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான நிலையான வீடாயிற்று. இரண்டே ஆண்டு இடைவெளியில் இந்த இரண்டு வீடுகளும் எழுந்தன. உங்கள் ஆசிரியர் சொல்வது 2009-இன் விடை. நீங்கள் எழுதப்போவது அந்தத் தேர்வை அன்று.

கலிபோர்னியாவிலும் இதே துறையில் 2011 முதல் ஆர்க்கிடெக்சர் அட் ஜீரோ என்ற போட்டி நடந்துவருகிறது. மாணவர்களுக்கும் தொழில்செய்பவர்களுக்கும் தனித்தனிப் பிரிவு. அந்த மாநிலம் 2008-இல் வகுத்த திட்டத்தில், புதிய வீடுகள் 2020-க்குள்ளும் புதிய வணிகக் கட்டடங்கள் 2030-க்குள்ளும் நிகரச் சுழிய ஆற்றல் நிலையை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். போட்டி அந்த இலக்குக்கான பயிற்சிக்களம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அமெரிக்கப் போட்டியின் 2011 விதிப்படி வீட்டுக்குள் வெப்பம் ஏறத்தாழ 22 முதல் 24.5 பாகைக்குள்ளும், ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். இந்த எல்லையை அப்படியே எடுத்துக்கொண்டால் சென்னையில் உங்கள் கணக்கு ஒருநாளும் தேறாது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் நாட்டு அலுவலகங்களில் மக்களைக் கேட்டறிந்து உருவாக்கிய இந்தியத் தகவமைப்பு இத மாதிரியை, அதாவது வெளிவெப்பத்துக்குப் பழகிய உடலுக்கு எந்த வெப்பம் இதமாக இருக்கும் என்று கணிக்கும் முறையை, பின்பற்றுங்கள். 2016-ஆம் ஆண்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அதை ஏற்றிருக்கிறது. ஏ.சி. இல்லாத, காற்றோட்டத்தை நம்பிய அறைக்கு அதன் சூத்திரம் எளிது: கடந்த முப்பது நாள் வெளிவெப்பத்தின் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்ட வேண்டும். சராசரி 31 பாகை என்றால் விடை 29.6. அதற்கு இருபுறமும் ஏறத்தாழ 2.4 பாகை வரை 90 விழுக்காட்டினர் ஏற்றுக்கொள்கிறார்கள். மே மாத இரவில் விசிறியின் கீழே படுத்துறங்கும் நமக்கு இது புதிய செய்தி அன்று. ஆனால் அதை எண்ணாக எழுதி நடுவர் முன் வைக்க முடிகிறது என்பது பெரிய வலிமை. அலுவலகத்துக்காக உருவான மாதிரி என்பதை அறிக்கையில் குறிப்பிட்டு, குடியிருப்புக்கு ஏன் பொருத்துகிறீர்கள் என்றும் விளக்கிவிடுங்கள்.

எங்கள் ஊரில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து, 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி எழுப்பிய கான்கிரீட் கட்டடம். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் கிடைமட்டச் சட்டங்கள். கடற்காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும். சோலார் பேனலும் ஏ.சி.யும் புழக்கத்துக்கு வருமுன்பே வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலத்துக்கு ஒரு விடை அங்கே எழுதப்பட்டுவிட்டது. உங்கள் அணி ஒரு நாள் வந்து அனுமதி பெற்றுப் பார்த்துவிட்டுப் போனால் பத்து நூல்களில் கிடைக்காதது கிடைக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது என்பதையும் மறவாதீர்கள். தெற்குச் சன்னலுக்கு மட்டும் சன்ஷேடு வரைந்துவிட்டு வடக்கை வெறுமையாக விடும் வரைபடங்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.


மறுமொழி: முன்னாள் பங்கேற்பாளர், மதுரை

தங்கைக்கு வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் இதுபோன்ற ஒரு மாணவர் போட்டியில் நானும் இருந்தேன். எங்கள் அணி இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

முதல் மூன்று மாதம் கட்டடக்கலை மாணவர்களான நாங்கள் வரைந்துகொண்டே இருந்தோம். முகப்பு, படிக்கட்டு, நடுமுற்றம் எல்லாம் முடிவான பிறகு இயந்திரவியல் மாணவர்களிடம் கொடுத்து, இதற்கு எனர்ஜிபிளஸ் என்ற ஆற்றல் கணிப்பு மென்பொருளில் சிமுலேஷன் ஓட்டித் தாருங்கள் என்றோம். விடை வந்தபோது மேற்குப் பக்கக் கண்ணாடியும் நடுமுற்றத்தின் மேற்கூரையும் சேர்ந்து குளிர்விப்புச் சுமையை இரட்டிப்பாக்கியிருந்தன. மாற்ற நேரம் இல்லை. செய்துமுடித்த வடிவத்துக்குச் சான்றிதழ் வாங்கும் கருவியாக சிமுலேஷனைப் பயன்படுத்தினோம். அதுதான் எங்கள் பிழை. மின்னியல் படித்த நண்பனைக் கடைசி இரண்டு வாரத்தில்தான் அழைத்தோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. அவன் முதல் நாளிலிருந்தே வரத் தயாராக இருந்தான்.

நீங்கள் முதல் வாரத்திலேயே வெறும் பெட்டி போன்ற ஒரு மாதிரியை உருவாக்குங்கள். நான்கு சுவர், ஒரு கூரை, நான்கு சன்னல், அவ்வளவுதான். அதைக் கிழக்கு மேற்காக நீட்டினால் என்ன, வடக்கு தெற்காக நீட்டினால் என்ன, சன்னலைப் பாதியாகக் குறைத்தால் என்ன என்று ஒவ்வொன்றாக மாற்றி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எதை மாற்றினால் எண் அசைகிறது, எதை மாற்றினாலும் அசையவில்லை என்பது ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும். அதன்பிறகு வரையுங்கள்.

உரிமையாளரிடம் ஒரு மின்கட்டண அட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றுவிடாதீர்கள். அவர் முன்பு கட்டிய குடியிருப்பில் மேல்தளத்தில் ஒன்று, நடுத்தளத்தில் ஒன்று என இரண்டு வீடுகளையாவது கேட்டு, ஓராண்டுக்கான கட்டண விவரத்தையும் பொது மீட்டரின் விவரத்தையும் வாங்குங்கள். மேல்தள வீட்டுக்கும் நடுத்தள வீட்டுக்கும் கோடை மாதங்களில் உள்ள வேறுபாடு, கூரைக்கு நீங்கள் செய்யப்போகும் செலவை நியாயப்படுத்தும் மிகச் சிறந்த சான்றாக இருக்கும். பொது மீட்டரில் மோட்டாரும் லிஃப்டும் எவ்வளவு எடுக்கின்றன என்பதும் தெரியும். நீங்கள் எழுதப்போகும் போட்டியில் ஆற்றலோடு தண்ணீர், செலவு, பேரிடர் தாங்கும் திறன் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. தண்ணீரை மிச்சப்படுத்தினால் மோட்டார் ஓடும் நேரமும் குறைகிறது என்பதுபோல ஒரு முடிவு இரண்டு பிரிவில் பலன் தரும் இடங்களைத் தேடுங்கள்.

நம் நாட்டு மாணவர்கள் இத்துறையில் பின்தங்கியவர்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஷுன்யா அணி மும்பைக் கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்களோடு சேர்ந்து 2014-இல் பிரான்சின் வெர்சாயில் நடந்த ஐரோப்பிய டெக்கத்லானுக்கு முழு வீட்டையும் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே போன முதல் இந்திய அணி அதுவே.


மறுமொழி: ஓய்வுபெற்ற மின்பொறியாளர், திருநெல்வேலி

எல்லோரும் நல்ல யோசனைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். ஆண்டுக் கணக்கில் சுழியம் என்பது மீட்டருக்குச் சுழியம், மின்தொடருக்குச் சுழியம் அன்று. 16 வீடுகளில் இருப்பவர்களும் பகலில் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறார்கள். பேனல் தரும் மின்சாரம் நண்பகலில் வெளியே போகிறது. இரவு எட்டு மணிக்கு 32 ஏ.சி.யும் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது அந்த மின்சாரத்தை எங்கோ ஓர் அனல்மின் நிலையம் நிலக்கரி எரித்துக் கொடுக்கிறது. ஆண்டு இறுதியில் கூட்டிக் கழித்துச் சுழியம் என்று எழுதுவது தவறில்லை, ஆனால் அத்துடன் நிறுத்தினால் அது பாதி உண்மை.

2006-இலேயே அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் சுழியம் என்ற சொல்லுக்கு நான்கு வரையறைகளைப் பிரித்துக்காட்டினார்கள். கட்டடத்தின் எல்லையில் அளப்பது, மின்நிலையத்தில் எரிபொருளாக அளப்பது, செலவாக அளப்பது, உமிழ்வாக அளப்பது என்று. ஒரே கட்டடம் ஒரு வரையறையில் தேறி இன்னொன்றில் தோற்கலாம். மாணவர்கள் எந்த வரையறையில் பேசுகிறார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். அதே ஆய்வகம் 2010-இல் கொலராடோவின் கோல்டன் நகரில் தனக்கென ஓர் அலுவலகம் எழுப்பியபோது, ஆற்றல் அளவின் உச்சவரம்பைக் குறிப்பிட்டு அதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதி, அணிகளைப் போட்டியிட வைத்தது. அங்கும் கூரை மட்டும் போதவில்லை, வாகன நிறுத்துமிடத்தின் மேலும் பேனல் வைத்தார்கள். எல்லை எது என்ற கேள்வி எப்போதும் உடன்வரும்.

ஆகவே ஆண்டு எண்ணோடு மாதவாரியாக ஒரு வரைபடமும், மே மாதத்தில் ஒரு நாள், நவம்பரில் ஒரு நாள் என்று மணிவாரியாக இரண்டு வரைபடங்களும் இணைத்துக் காட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பேனல் தருவது குறையும், ஆனால் ஏ.சி.யும் ஓடாது. மே மாதத்தில் நேர்மாறு. மோட்டாரை நண்பகலில் ஓட்டித் தொட்டியை நிரப்புவது, மின்வண்டிகளைப் பகலில் சார்ஜ் செய்வது என்று சுமையை வெயில் நேரத்துக்கு நகர்த்தக்கூடியவற்றை அந்த வரைபடத்திலேயே காட்டலாம். பேட்டரி வைப்பதைப் பிறகு பேசலாம்.


மறுமொழி: நான்காமாண்டு கட்டடக்கலை மாணவி, திருச்சி

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாளாக அணியோடு உட்கார்ந்து ஒவ்வொரு மறுமொழியையும் படித்தோம். பள்ளிக் கட்டடம் தேட வேண்டும் என்றவர்களும் இப்போது குடியிருப்புக்கே சம்மதித்துவிட்டார்கள். மின்னியல் மாணவர் இன்று முதல் எல்லாக் கூட்டங்களுக்கும் வருகிறார். பெட்டி மாதிரியை ஓட்டிப் பார்த்ததில், நீண்ட பக்கம் கிழக்கு மேற்கைப் பார்த்தபடி இருந்த எங்கள் முதல் வரைபடத்தைத் திருப்பி வைத்தாலே குளிர்விப்புச் சுமை கண்கூடாகக் குறைகிறது. மனையின் அகலம் அதற்கு இடம் தருகிறது என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

இரண்டு ஐயங்கள். எங்கள் நான்கு தளமே எல்லையா, ஐந்தாறு தளம் உள்ள கட்டடத்தில் இது நடக்கவே நடக்காதா? அடுத்தது, ஈரப்பதம். வெப்பத்தைச் சமாளித்தாலும் சென்னையின் புழுக்கத்தை ஏ.சி. இல்லாமல் எப்படி எதிர்கொள்வது? நடுவர்கள் நிச்சயம் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.


மறுமொழி: கட்டட ஆற்றல் பகுப்பாய்வாளர், கோயம்புத்தூர்

முதல் ஐயத்துக்கு ஒரு சிறிய கணக்கு. கூரையின் ஒரு சதுர மீட்டரில் 60 விழுக்காடு பேனலால் மூடப்படுகிறது என்று கொண்டால், 20 விழுக்காடு திறனுள்ள பேனல் நம் ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 174 யூனிட் தரும். அதை உங்கள் தளத்தின் சதுர மீட்டர் தேவையால் வகுத்தால் எத்தனை தளம் என்பது வந்துவிடும். 150 யூனிட் எடுக்கும் அலுவலகம் என்றால் ஒரு தளத்தைத் தாண்டாது. 60 யூனிட் என்றால் மூன்று தளத்தை நெருங்கும். 30 யூனிட் என்றால் ஐந்தைத் தாண்டும். பந்தலை அகலமாக எடுத்தால் இன்னும் கொஞ்சம். சியாட்டில் நகரில் 2013 ஏப்ரல் 22 அன்று திறக்கப்பட்ட புல்லிட் மையம் ஆறு தள அலுவலகம். நம்மைவிட வெயில் வெகு குறைந்த, மேகம் மூடிய ஊர். தேவையைச் சதுர மீட்டருக்கு 50 யூனிட் அளவுக்கு இறக்கி வடிவமைத்து, கூரைப் பேனல்களைச் சுவருக்கு வெளியேயும் நீட்டிப் படரவிட்டார்கள். ஆறு தளம் அங்கே இயலும் என்றால் இங்கே நான்கு தளத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது கடினமான கேள்வி, எளிதான விடை இல்லை. காற்றின் ஓட்டம்தான் முதல் மருந்து. விசிறி ஈரத்தை எடுக்காது, ஆனால் வியர்வை உலர உதவுவதால் அதே வெப்பத்திலும் இரண்டு மூன்று பாகை குறைந்தாற்போல உணர்கிறோம். படுக்கையறையில் மட்டும் இரவில் சில மணி நேரம் ஏ.சி., மற்ற இடங்களில் காற்றோட்டம் என்ற கலப்பு முறையையே நான் பரிந்துரைப்பேன். மேரிலாந்து பல்கலைக்கழக அணி 2007-இல் இரண்டாமிடம் பெற்ற வீட்டிலும், 2011-இல் முதலிடம் பெற்ற வாட்டர்ஷெட் வீட்டிலும், உப்புக் கரைசலைச் சிறு அருவிபோல வழியவிட்டுக் காற்றின் ஈரத்தை உறிஞ்ச வைத்தார்கள். ஈரமேறிய கரைசலைச் சூரிய வெப்பத்தால் மீண்டும் உலர்த்திக்கொள்ளலாம். 16 வீட்டுக் குடியிருப்பில் பராமரிப்பது எளிதன்று என்பதால் அதை உங்கள் முதன்மைத் தீர்வாக வைக்க மாட்டேன். உங்கள் இயந்திரவியல் மாணவர்கள் இருவரும் விரும்பினால், கூட்டம் நடக்கும் பொது அறை ஒன்றுக்கு மட்டும் அதை ஆராய்ந்து புதுமைப் பிரிவில் சேர்க்கலாம்.

அறிக்கையில் இன்னொன்றையும் மறவாமல் சேருங்கள். எரிசக்தித் திறன் பணியகத்தின் ஷுன்யா முத்திரைத் திட்டத்தில், சூரிய மின்சாரத்தைக் கழித்தபின் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 10 யூனிட் வரை மிஞ்சினாலும் அந்தக் கட்டடம் சுழியத் தகுதி பெறும். எடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் கட்டடத்துக்கு ஷுன்யா பிளஸ். உங்கள் 1,600 சதுர மீட்டருக்கு அந்தப் பத்து யூனிட் என்பது ஆண்டுக்கு 16,000 யூனிட். வரையும்போது சுழியத்தையே குறிவையுங்கள். இந்த 16,000-ஐ மக்கள் குடிவந்தபின் நேரும் மாறுதல்களுக்காக ஒதுக்கிவிடுங்கள். ஒரு வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தால் பகலிலும் ஏ.சி. ஓடும், அதை நாம் தடுக்கக் கூடாது. பெட்டி மாதிரியின் விடைகளை இங்கே பதிவிடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.